ஒன்பதாவது பெயர்

மார்ச் 1, வெள்ளி

இசக்கிராஜுக்கு இன்று கடைசி நாள். இந்த உப்புச் சுத்திகரிப்பு ஆலையில் இருபத்திரண்டு வருடமாக அவர் ஒருவர்தான் எலக்ட்ரீஷியன். கேன்டீனில் சால்வை போட்டார்கள், கேசரி கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் பேனல் அறைச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

“யாருகிட்ட குடுக்கன்னு ஆபீஸ்ல கேட்டேன் பால்வண்ணன். ஒங்ககிட்ட குடுக்கச் சொல்லிட்டாவ.”

“எனக்கு எதுக்கு? நான் பம்பு, பேரிங் பாக்குத ஆளு.”

“அதத்தான் நானும் சொன்னேன்.”

பேனல் அறைச் சுவரில் அவருடைய மின் வேலைச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தது. அதைக் கழற்றிப் பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஆணி மட்டும் இருக்கிறது.

இரண்டாம் நம்பர் சல்லடைக்கு பெல்ட் மாற்றினோம்.

மார்ச் 5, செவ்வாய்

காலையில் மேனேஜர் ரகுநந்தன் கூப்பிட்டார். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மரியாதையாகப் பேசுவார், உட்காரச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

புது எலக்ட்ரீஷியன் இப்போதைக்கு இல்லையாம். பெரிய வேலைக்கு வெளியிலிருந்து கான்ட்ராக்டர் வருவார். சின்ன வேலைகளை மெக்கானிக்கல் ஆட்களே பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டாரின் மின் இணைப்பைக் கழற்றி மாட்டுவது, ஃபியூஸ் மாற்றுவது, இந்த மாதிரி.

“அதுக்குச் சான்றிதழ் வேணுமே சார்,” என்றேன்.

“லைசென்ஸ் கான்ட்ராக்டர் பேர்ல இருக்குங்க. நம்ம ஆளுங்களுக்கு ஒரு கிளாஸ் எடுத்துரலாம். தகுதி இருக்குன்னு ஃபோர்மேன் நீங்க ஒரு ஃபாரம் சைன் பண்ணினா போதும். எல்லா ஊர்லயும் இப்ப இப்படித்தான்.”

சரி என்றேன். மத்தியானம் உப்பு உலர்த்தியின் செயின் இரண்டு கண்ணி குறைத்தோம். ஓட்டம் சீராகிவிட்டது.

மார்ச் 9, சனி

கான்ட்ராக்டர் அனுப்பிய ஆள் பத்து மணிக்கு வந்தார். கேன்டீனில் வைத்துப் பேசினார். வயர்களின் நிறம்: சிவப்பு, மஞ்சள், நீலம். ஈரக்கையோடு தொடக்கூடாது. ரப்பர் செருப்பு. நடுவில் டீயும் வடையும் வந்தன. பதினொன்றுக்கு அவருக்கு வேறு இடத்தில் வேலை இருந்ததால் கிளம்பிவிட்டார்.

படிவங்கள் ஆபீஸில் தயாராக இருந்தன. “மேற்கண்ட தொழிலாளிக்கு மின் இணைப்பு கழற்றி மாட்டும் வேலையில் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர் இவ்வேலைக்குத் தகுதியுடையவர் எனச் சான்றளிக்கிறேன்.” கீழே என் பெயர் டைப் அடித்திருந்தது. என் கீழ் ஒன்பது ஃபிட்டர்கள். ஒன்பது படிவம், ஒன்பது கையெழுத்து.

வரும் வழியில் மாசிக்கருவாடு வாங்கி வந்தேன்.

மார்ச் 17, ஞாயிறு

என் மனைவி ஆவுடையின் மிக்ஸி ஓடவில்லை. பிளக்கைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு வயர் விட்டிருந்தது, முறுக்கி மாட்டினேன். ஓடியது.

“நீங்க மிஷினு ஆளுல்லா? கரண்டு வேல எப்பப் படிச்சிய?” என்றாள்.

இதில் படிக்க என்ன இருக்கிறது என்றேன்.

மார்ச் 27, புதன்

லிகோரி வந்து என் முன்னால் நின்றான். ஃபிட்டர்களில் வேலை சுத்தமானவன், முப்பத்துநான்கு வயது, எட்டு வருடமாக என்னிடம் இருக்கிறான். பம்பைத் தொட்டுப் பார்த்தே எந்தப் பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவான்.

“அண்ணாச்சி, இந்தக் கரண்டு வேலன்னா எனக்குக் கை கூசுது. அன்னைக்கு கிளாஸ்ல என்னதான் சொல்லிக் குடுத்தாவ?”

சுழல் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம், ஒரே இரைச்சல். காதருகே குனிந்து சொன்னேன். சுவிட்சை இறக்கு. டெஸ்டர் வை. விளக்கு எரியவில்லை என்றால் கழற்று. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

“அவ்வளவுதானா?” என்றான்.

அவ்வளவுதான் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஐந்தாம் நம்பர் கன்வேயர் மோட்டாரை நம் ஆட்களே கழற்றி மாட்டினார்கள். கான்ட்ராக்டருக்காகக் காத்திருக்கவில்லை. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு “பாத்தீங்களா” என்றார்.

ஏப்ரல் 11, வியாழன்

மூன்றாம் நம்பர் உப்புநீர் பம்ப். மோட்டார் மாற்றும் வேலை. பகல் 11.20. லிகோரிக்குக் கரண்ட் அடித்துவிட்டது. மேடையிலிருந்து விழுந்தான். ஆஸ்பத்திரி. உயிருக்கு ஆபத்தில்லை.

நான்கு மணிக்கு வேறு மோட்டார் வைத்து பம்ப் ஓடியது.

ஏப்ரல் 12, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான் உலர்த்தி பக்கம் இருந்தேன். உப்புநீர்த் தொட்டியை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்பு மேடை உண்டு, மூன்றாம் நம்பர் பம்ப் அதன் மேல்தான் இருக்கிறது. லிகோரி மேலே, இன்னொரு ஃபிட்டர் சங்கரபாண்டி கீழே. லிகோரி பேனலுக்குப் போய் சுவிட்சின் கைப்பிடியை இறக்கிவிட்டு வந்தான். அதைச் சங்கரபாண்டியும் பார்த்திருக்கிறான். மேலே ஏறி மோட்டாரின் இணைப்புப் பெட்டியைத் திறந்தான். டெஸ்டரை ஒரு வயரில் வைத்தான். எரியவில்லை. முதல் வயரைக் கழற்றினான். இரண்டாவதையும் கழற்றினான். மூன்றாவதில் கை வைத்ததும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் கான்ட்ராக்டரின் ஆள் வந்து அந்தச் சுவிட்சைப் பிரித்துக் காட்டினார். உள்ளே மூன்று செம்புத் தகடுகள். ஒன்று களிம்பு பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடி இறங்கியது, இரண்டு தகடுகள் விட்டன, மூன்றாவது விடவில்லை. இந்த உப்புக் காற்றில் இது சகஜம் என்றார். கைப்பிடியை நம்பக்கூடாது, மூன்று வயரிலும் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்த பிறகுதான் தொட வேண்டும், இது முதல் பாடம் என்றார். அவர்தான் மார்ச்சில் கிளாஸ் எடுத்தவர்.

வலது கையில் தீக்காயம். தோள்பட்டை எலும்பு முறிவு.

ஏப்ரல் 15, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆர்லிக்ஸ், சாத்துக்குடி. வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள், ஆட்காட்டி விரலும் நடுவிரலும்.

லிகோரி என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். “ஏந் தப்புதான் அண்ணாச்சி. ஒரு வயர்லதான் டெஸ்டர் வச்சேன். மத்த ரெண்டையும் பாத்திருக்கணும். ஒங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்.”

பேசாமல் படு என்றேன்.

அவன் மனைவி பிரகாசி வராந்தா வரைக்கும் கூடவே வந்தாள். “அண்ணாச்சி, இவருக்கு இந்த வேலய ஒழுங்காச் சொல்லிக் குடுத்தாவளா?”

“கிளாஸ் நடந்துச்சும்மா,” என்றேன்.

கிளாஸ் நடந்தது உண்மைதான்.

ஏப்ரல் 19, வெள்ளி

பெரிய வெள்ளி, விடுமுறை. வீட்டுக் குழாயில் வாஷர் மாற்றினேன். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 22, திங்கள்

மேனேஜர் அறிக்கை தயார் செய்திருக்கிறார். வாசிக்கக் கொடுத்தார். “முறையான பயிற்சி பெற்ற தொழிலாளி, பயிற்சியில் கூறப்பட்டபடி சோதிக்காமல் கவனக்குறைவாக வேலையைத் தொடங்கியதால் விபத்து நேர்ந்தது.” நான் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலைப் பின்னால் இணைத்திருக்கிறார். மே முதல் வாரத்தில் மின் ஆய்வாளர் வருகிறார்.

“அறிக்கை இப்படிப் போனா லிகோரிக்கு என்ன சார் ஆகும்?”

“கவனக்குறைவுன்னு வந்தா வேலை கஷ்டம்தாங்க. பாத்துச் செய்யலாம்.” பிறகு ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். பயிற்சி நாளின் வருகைத்தாள். ஒன்பது பெயர், எட்டுக் கையெழுத்து. ஒன்பதாவது கட்டம் காலி.

“இது ஒண்ணு விட்டுப் போயிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவீங்கல்ல, வாங்கிட்டு வந்துருங்க. இடது கையில போட்டாலும் போதும்.”

காகிதம் என் பையில் இருக்கிறது. சாப்பாட்டுத் தூக்கோடு சேர்த்து வைத்ததில் ஓரத்தில் கொஞ்சம் ரசம் பட்டுவிட்டது.

ஏப்ரல் 24, புதன்

போனேன். லிகோரி சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறியிருக்கிறான். பத்து நிமிடம் வேறு எதையெதையோ பேசினேன். பிறகு காகிதத்தை எடுத்தேன். ஆபீஸில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று சொன்னேன். என்ன ஏது என்று அவன் கேட்கவில்லை. இடது கையை நீட்டினான்.

பிரகாசிதான் நடுவில் வாங்கிப் படித்தாள். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள்.

“மார்ச் ஒம்பதா? அன்னைக்கு நாம மணப்பாட்டுலல்லா இருந்தோம்? எங்க அப்பா வருச நினைவுப் பூச. நீரு லீவு போட்டுட்டு வந்தீரே.”

லிகோரி யோசித்தான். “ஆமா. அதான் அன்னைக்கு அண்ணாச்சிகிட்ட என்ன சொல்லிக் குடுத்தாவன்னு கேட்டேன்.” பிறகு அவளைப் பார்த்து, “குடு. அண்ணாச்சி கேக்காவன்னா காரணம் இருக்கும்,” என்றான்.

அவள் காகிதத்தை விடவில்லை. என்னைப் பார்த்தாள்.

“பேனா கொண்டாரலப்பா,” என்றேன். “இன்னொரு நாள் பாத்துக்கிடலாம்.”

காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. பிரகாசி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பஸ் கூட்டம். நின்றுகொண்டே வந்தேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

கையெழுத்து வாங்க முடியவில்லை என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மேனேஜர் கோபப்படவில்லை. “சரி, விடுங்க. நான் பாத்துக்கறேன்” என்றார்.

ஏப்ரல் 30, செவ்வாய்

கோப்பு என் மேசைக்கு வந்தது. எல்லாப் பக்கத்திலும் சுருக்கொப்பம் போட வேண்டும். வருகைத்தாளில் ஒன்பதாவது கட்டம் நிரம்பியிருக்கிறது. நன்றாகவே போட்டிருக்கிறார்கள். லிகோரி தன் பெயரைத் தமிழில்தான் எழுதுவான். இது ஆங்கிலத்தில் இருக்கிறது.

சுருக்கொப்பம் போடவில்லை. சல்லடையில் வேலை இருக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். வேலை இருக்கத்தான் செய்தது.

மே 3, வெள்ளி

ஆய்வாளர் வந்தார். நாற்பது வயது இருக்கும், ஒரு அம்மா. காட்டன் சேலை, கால்களில் கனமான பாதுகாப்பு ஷூ. முதலில் மேடையில் ஏறி மோட்டாரைப் பார்த்தார். பேனலைப் பார்த்தார். சுவரில் இருந்த வெறும் ஆணியைக் காட்டி அது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

பிறகு மேனேஜர் அறையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். குரல் உயரவே இல்லை. எங்கள் பேச்சை நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன்.

“உங்க ஃபிட்டர்கள்ல யாருக்காவது மின் வேலைச் சான்றிதழ் இருக்கா?”

“இல்லம்மா.”

“சான்றிதழ் இல்லாதவங்க மோட்டார் இணைப்பைத் திறக்கக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப இவருக்குத் தகுதி இருக்குன்னு முடிவு பண்ணினது யாரு?”

“நான்தான். படிவத்துல கையெழுத்து என்னுது.”

“உங்க தகுதி என்ன?”

“ஐடிஐ ஃபிட்டர். முப்பத்தொரு வருச சர்வீஸ்.”

“மின்சாரத்துல?”

“ஒண்ணும் இல்ல.”

எழுதிக்கொண்டார். மேனேஜர் குறுக்கே வந்து, பயிற்சி முறைப்படி நடந்தது, வருகைத்தாள் இருக்கிறது என்றார். ஆய்வாளர் தாளைப் பிரித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைத்தான் கேட்டார்.

“அன்னைக்கு லிகோரி இந்த கிளாஸ்ல உக்காந்திருந்தாரா?”

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லம்மா. அன்னைக்கு அவன் லீவு. லீவு சீட்டுல கையெழுத்துப் போட்டதும் நான்தான்.”

“அப்ப வராதவருக்குத்தான் தகுதின்னு எழுதிக் குடுத்தீங்க.”

“ஆமா.”

“ஏன்?”

இதற்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. ஒன்பது படிவமும் ஒரே கட்டாக இருந்தது என்றேன். ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தால் ஏன் என்று கேட்பார்கள், திரும்ப ஒரு கிளாஸ் வைக்க வேண்டியிருக்கும். அந்த வாரம் உலர்த்தி செயின் வேறு தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் சொன்னேனா, நினைத்ததோடு சரியா என்று இப்போது தெளிவாக இல்லை.

அந்த ஒன்பதாவது கையெழுத்து யாருடையது என்றும் கேட்டார். லிகோரியுடையது இல்லை, யார் போட்டது என்று நான் பார்க்கவில்லை என்றேன். அதுவும் உண்மை.

மே 10, வெள்ளி

தற்காலிகப் பணிநீக்க உத்தரவு. பொய்ச் சான்று அளித்தது. சாவிக்கொத்து, அடையாள அட்டை, பூட்ஸ் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

ஆவுடையிடம் முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “நீங்க அன்னைக்கே அந்த ஒத்தப் பேரத் தள்ளி வச்சிருந்தா?” என்றாள். பிறகு சோறு போட்டாள்.

மே 21, செவ்வாய்

வீட்டில் எண்ணெய் போட வேண்டிய கீல்களுக்கெல்லாம் போட்டாயிற்று. அயன்பாக்ஸ் சூடாகவில்லை, நீங்களே பாருங்களேன் என்று ஆவுடை கொண்டுவந்து வைத்தாள். கடையில் கொடுத்தேன்.

ஜூன் 13, வியாழன்

விசாரணை. இரண்டு மணி நேரம். கேட்டதற்கெல்லாம் அதே பதில். ரகுநந்தன் வரவில்லை. வேறு ஊர் ஆலைக்கு மாற்றல் ஆகிவிட்டதாம்.

ஜூன் 28, வெள்ளி

சங்கரபாண்டி வந்து சொன்னான். ஆய்வாளரின் அறிக்கை வந்துவிட்டது. விபத்துக்கு லிகோரியின் கவனக்குறைவு காரணமில்லை. தகுதி இல்லாதவரை அந்த வேலையில் விட்டதே காரணம். இனி சான்றிதழ் இல்லாத யாரும் மின் இணைப்பில் கை வைக்கக்கூடாது. லிகோரிக்கு ஸ்டோர் பிரிவில் வேலை என்று முடிவாகியிருக்கிறது.

“ஒங்களப் பத்தியும் அதுல எழுதியிருக்கு அண்ணாச்சி. லிகோரி வாசிச்சுப் பாத்துட்டான்,” என்றான்.

ஜூலை 7, ஞாயிறு

லிகோரியின் வீட்டுக்குப் போனேன். அவன் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன்.

நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. கை ஆறியிருக்கிறது. மடியில் இன்னொரு கையால் அதை மூடி வைத்திருந்தான்.

“ரெண்டு மாசம் ஏந் தப்பு ஏந் தப்புன்னு நெனச்சிக்கிட்டே கெடந்தேன்,” என்றான். “இவகிட்ட, புள்ளய கிட்ட, சாமியாருகிட்ட, எல்லாருகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். நீங்க வந்து பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுப் போனிய.”

ஆமாம் என்றேன்.

“கையெழுத்துப் போட்டத விடுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு நான் வந்து கேட்டப்ப, மூணு வயரயும் பாருலேன்னு ஏன் சொல்லல? மறந்துட்டியளா?”

வரும்போது இதற்கு ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன். இரைச்சலாக இருந்தது, அவசரம், அப்படி. அதைச் சொல்லவில்லை.

“மறக்கல. எனக்கே தெரியாது,” என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“கைப்பிடிய எறக்கினா மூணும் போயிரும்னுதான் நானும் நெனச்சிருந்தேன். நீ விழுந்த அன்னைக்குச் சாயங்காலந்தான் தெரிஞ்சுகிட்டேன்.”

பிரகாசி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். பிள்ளைகள் தெருவில் கத்திக்கொண்டிருந்தன.

“அப்போ அன்னைக்கு நீங்க மேல ஏறியிருந்தா நீங்கதான் விழுந்திருப்பிய.”

“ஆமா.”

“தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே,” என்றான். குரலில் கோபம் இல்லை, அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. “நீங்க தெரியாதுன்னு சொல்லியிருந்தா, நானும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருப்பேனே. ஒங்களுக்கே தெரியும்போது நாம எப்படிச் சொல்லன்னுதான் ஏறிட்டேன்.”

டீயைக் குடிக்காமல் வைத்திருந்தேன், ஆடை படிந்துவிட்டது. வருகிறேன் என்று எழுந்தேன். அவன் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சி என்று ஒரு தடவைகூட அவன் கூப்பிடவில்லை என்பதைத் தெருமுனை வந்த பிறகுதான் கவனித்தேன்.

ஜூலை 26, வெள்ளி

உத்தரவு வந்தது. ஃபோர்மேன் பதவி போய்விட்டது. ஃபிட்டராக வேலைக்குத் திரும்பலாம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

வேலைக்குப் போனேன். புது பூட்ஸ் கொடுத்தார்கள், ஒரு அளவு பெரிசு. சங்கரபாண்டி இப்போது பொறுப்பு ஃபோர்மேன். என்னிடம் வேலை சொல்லக் கூச்சப்பட்டான். கூச்சப்படாதே என்றேன்.

ஸ்டோரில் பேரிங் வாங்க வேறு ஆளை அனுப்பினேன்.

பத்தரை மணிக்கு ஐந்தாம் நம்பர் கன்வேயர் நின்றுபோனது. புது எலக்ட்ரீஷியன் வந்தாள். பெயர் முத்துச்செல்வி, இருபத்தைந்து இருபத்தாறு வயதுதான் இருக்கும். சான்றிதழ் எடுத்தவள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. நரைத்த தலையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அண்ணாச்சி, ரொம்ப வருசமா இங்க இருக்கிய போல. இந்த மோட்டாருக்குக் கரண்டு எந்தப் பேனல்ல இருந்து வருதுன்னு தெரியுமா?”

தெரியும் என்றுதான் முதலில் வாயில் வந்தது. கிழக்குச் சுவரில் இருக்கும் பேனலாகத்தான் இருக்க வேண்டும். அங்கிருந்துதான் வயர்க் குழாய் வருகிற மாதிரி இருந்தது.

“தெரியாதும்மா,” என்றேன்.

“சரி, நானே தேடிப் பாத்துக்கிடுதேன். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

தள்ளி நின்றேன்.